மஞ்சள் ஸ்டிக்கரும் சோப்பு மூக்கும்

"கடையில ஒரு வண்டி நிறைய சாமான் வாங்கினேன். வெளியே வரும்போது கடைக்காரன் எனக்குக் காசு கொடுத்து அனுப்பினான்."

லிப்ட்காரர் இதை மாடிப்படியின் நடுவில் நின்று, கட்டடம் முழுவதற்கும் கேட்கிற மாதிரி அறிவித்தார். இரண்டு கையிலும் இரண்டு பை. அதில் ஒன்றிலிருந்து ஏதோ சொட்டிக்கொண்டிருந்தது. தண்ணீராக இருந்தால் தெளிவாக இருந்திருக்கும். இது இளஞ்சிவப்பு.

"மிச்சச் சில்லறை கொடுத்திருப்பான் அண்ணே," என்றார் கீழ்வீட்டுத் தையல்காரர், வாயிலிருந்த ஊசியை எடுக்காமலேயே.

"மிச்சம் இல்லப்பா! நான் ஒத்தைக் காசு கொடுக்கல. அவன் எனக்குக் கொடுத்தான். ஐயா, தயவு பண்ணி இதையெல்லாம் எடுத்துட்டுப் போங்கன்னு கையில வெச்சு அமுக்கினான்."

படிக்கட்டே சிரித்தது. லிப்ட்காரர் வேலையில் இருந்த காலமெல்லாம் பழுதான லிப்ட்களைச் சரிசெய்தவர். அவர் கதைகளில் அந்த லிப்ட்கள் மொட்டைமாடியோடு நிற்பதில்லை. கூரையைப் பிய்த்துக்கொண்டு மேகத்தை இடித்துவிட்டுத்தான் திரும்பும். அவர் சொல்வதில் பெரும்பகுதியைக் கழித்து, மீதியைப் பாதியாக்கி, அதையும் கொஞ்சம் தட்டி உதறினால் உண்மை கிடைக்கும் என்பது அந்தக் கட்டடத்தில் பால்குடிக்கிற குழந்தைக்கும் தெரிந்த கணக்கு.

அவருக்குப் பின்னாலேயே ஒரு வாளியும் துடைக்கும் துணியுமாக அவர் மனைவி ஏறி வந்தாள். அவர் சொட்டவிட்ட ஒவ்வொரு படியையும் மூச்சை அடக்கிக்கொண்டு துடைத்தாள். படி ஏறுவதில் பாதி ஆயுசு, மூச்சை அடக்குவதில் மீதி ஆயுசு என்று அவளுக்கு ஆகிவிட்டிருந்தது.

அவளைக் கட்டடத்தில் எல்லோரும் சோப்பம்மா என்பார்கள். சோப்புக் கம்பெனியில் ஒவ்வொரு வார்ப்பையும் முகர்ந்து பார்த்து, போகலாமா கூடாதா என்று சொல்கிற வேலை. கீழ்வீட்டில் வெங்காயம் நறுக்கலாமா என்று யோசித்தாலே மேல்வீட்டில் இவளுக்குக் கண் கலங்கும். அடுத்த தெருவில் யாராவது சாக்ஸைக் கழற்றினால் இங்கே ஜன்னலைச் சாத்துவாள். அப்படிப்பட்ட மூக்கை வைத்துக்கொண்டு, ஓய்வு பெற்ற நாளிலிருந்து மஞ்சள் ஸ்டிக்கரே வாழ்க்கை என்று ஆகிவிட்ட மனிதரோடு ஒரே வீட்டில் குடும்பம் நடத்தினாள்.

மஞ்சள் ஸ்டிக்கர் என்றால் இதுதான். அந்தப் பெரிய கடையில் ஒரு பொருளுக்குத் தேதி நெருங்கிவிட்டால் அதன்மேல் மஞ்சளாக ஒன்றை ஒட்டி விலையைப் பாதியாக்குவார்கள். அப்படியும் போகவில்லையென்றால் சாயங்காலம் அதன்மேலேயே இன்னொன்று. இன்னும் கிடந்தால் இன்னொன்று. மூன்று ஸ்டிக்கர் ஏறிய பொருள் ஏறக்குறைய இலவசம். அதைப் பார்த்ததும் மற்ற மனிதர்கள் முகத்தைத் திருப்பிக்கொள்வார்கள். லிப்ட்காரர் முகத்தில் மட்டும் கல்யாண மாப்பிள்ளைக் களை வரும்.

கண் உள்ளே போய்விட்ட மீன். ஓரம் கறுத்து, நடுவில் கூழாகிவிட்ட கீரை. தொட்டால் விரலோடு வருகிற கோழி. பச்சைப் பூ பூத்த ரொட்டி.

"பூஞ்சை மேலாக்கதானே இருக்கு? வெட்டிட்டா உள்ளே ரொட்டி ரொட்டியாத்தானே இருக்கு?" என்பார்.

"உங்களையும் அப்படித்தான் நினைச்சுக் கட்டிக்கிட்டேன்," என்பாள் அவள், மூக்கில் முந்தானையோடு.

இதையெல்லாம்கூடப் பொறுத்திருப்பாள். பெட்டியைத்தான் பொறுக்க முடியவில்லை.

வீட்டு ஃப்ரிட்ஜ் பிதுங்கி வழிந்தபோது லிப்ட்காரர் அதே கடையிலிருந்து, பக்கவாட்டில் நசுங்கியதால் விலை குறைத்த ஆளுயர உறைபெட்டி ஒன்றை வாங்கி வந்தார். சமையலறையில் இடமில்லை. கூடத்தில் வைத்தால் கதவு திறக்காது. ஆகவே சோப்பம்மாவின் முகம் பார்க்கும் கண்ணாடி மேசையைத் தூக்கிப் பால்கனியில் போட்டுவிட்டு, படுக்கையறையில், அவள் தலைமாட்டிலேயே அதை நிறுத்தினார். நின்றதோடு சும்மா இருந்ததா? உறுமியது. ஏப்பம் விட்டது. அவ்வப்போது பெருமூச்சு விட்டு, ஓரத்து ரப்பர் வழியாகப் பழைய ரத்த வாசனையை அவள் தலையணைமேல் ஊதியது. கோழிகளும் ஆடுகளும் பெயர் தெரியாத உள்ளுறுப்புகளும் ஒரு பட்டாளம் மாதிரி அணிவகுத்துக் கிடக்க, அவற்றுக்கு ஒரு சாண் தள்ளித் தலையை வைத்து அவள் படுக்க வேண்டியிருந்தது. கண்ணை மூடினால் தன்மேலேயே யாரோ ஸ்டிக்கர் ஒட்டுகிற மாதிரி இருக்கும்.

ஆகவே அன்று படிக்கட்டுச் சிரிப்பு அடங்குவதற்குள் துணியை வாளியில் வீசிவிட்டுச் சொன்னாள்:

"நாளைக்கு நானும் கடைக்கு வரேன். அவன் உங்களுக்குக் காசு கொடுக்கிறதை என் கண்ணால பார்க்கணும். பார்த்துட்டேன்னா அந்தப் பெட்டி அங்கேயே இருக்கட்டும், சாகிற வரைக்கும் அதைப் பத்தி வாயைத் திறக்க மாட்டேன். பார்க்கலைன்னா, நாளைக்கே பெட்டி வெளியே போகணும். சம்மதமா?"

"சம்மதம்!" என்றார் தையல்காரர் முந்திக்கொண்டு. "அக்கா, என் மச்சான் பழைய சாமான் வண்டி வெச்சிருக்கான். கயிறோட நானே நிக்கிறேன்."

"உன்னை யாருப்பா கேட்டா?" என்றார் லிப்ட்காரர். ஆனால் இவ்வளவு பேர் முன்னால் பின்வாங்கினால் அத்தனை வருஷப் புளுகும் கௌரவம் இழந்துவிடும். "சரி. சம்மதம்!"

மறுநாள் போகிற வழியில் விஷயத்தை அவளுக்குச் சொன்னார். கடையில் பால் பொருள் அடுக்குக்கு மேலே ஒரு பலகை மாட்டியிருக்கிறார்கள். தேதி முடிந்த பொருள் எதையாவது எங்கள் அடுக்கில் கண்டுபிடித்தால், அதை எங்களிடம் கொடுத்துவிடுங்கள், அதன் முழு விலையும் உங்களுக்கு என்று. முந்தின நாள் ஒரு தயிர் டப்பாவைப் பிடித்தாராம். பில்லில் அதன் முழு விலையையும் கழித்தார்கள். அவர் வாங்கியிருந்ததோ எல்லாம் மூன்று ஸ்டிக்கர் சரக்கு. கணக்குப் பார்த்தால் கடைதான் அவருக்குத் தர வேண்டியிருந்தது.

"எவ்வளவு தந்தான்?"

"அது... ஒரு காசு."

"ஒரே ஒரு காசா?"

"காசு காசுதானே? அவன்தானே தந்தான்?"

"கையில வெச்சு அமுக்கினான்னு சொன்னீங்களே!"

"ஒரு காசையும் அமுக்கலாம்ல?"

அவள் ஒரு வார்த்தையும் நம்பவில்லை.

கடைக்குள் நுழைந்தபோது ஸ்டிக்கர் நேரம் தொடங்கியிருந்தது. கடையின் ஸ்டிக்கர்காரப் பெண் இடுப்பில் ஒரு சின்ன மெஷினை மாட்டிக்கொண்டு அடுக்கு அடுக்காகப் போக, அவள் பின்னால் ஒரு ஊர்வலமே நகர்ந்தது. யாரும் யாரையும் பார்க்கவில்லை. எல்லோர் கண்ணும் அந்த மெஷின்மேல். அது 'டிக்' என்று ஒரு சத்தம் போட்டால் போதும், இருபது கை ஒரே பொட்டலத்தின்மேல் விழும்.

சோப்பம்மா தள்ளி நின்று பார்த்தாள். ஒருவர் ரொட்டியை அக்குளில் இடுக்கிக்கொண்டு அடுத்ததற்குப் பாய்ந்தார். அவர் பிடிக்காமல் திரும்ப வைத்துவிட்டுப் போன அந்த அக்குள் ரொட்டியை இன்னொருவர் முத்தமிடாத குறையாக எடுத்துக்கொண்டார். ஒரு அம்மா மீன் பொட்டலத்தின் மெல்லிய தாளில் கட்டைவிரலை அழுத்தி, அந்தப் பள்ளம் திரும்ப எழுகிறதா என்று குனிந்து காத்திருந்தாள். எழவில்லை. "பரவாயில்ல, குழம்புல போட்டா தெரியாது," என்று வண்டியில் போட்டாள். குழந்தை வண்டி தள்ளி வந்த ஒருத்தியின் வண்டியில் குழந்தையைக் காணோம். குழந்தை இருக்க வேண்டிய இடத்தில் ஈரல்.

"தங்கச்சி, கோழிக்கு இன்னைக்கு மனசு இரங்கலையா?" என்று லிப்ட்காரர் ஸ்டிக்கர்காரியிடம் குழைந்தார்.

"கொஞ்சம் பொறுங்கண்ணே. இப்பத்தான் ரெண்டாவது ஸ்டிக்கர். மூணாவது போட்டா நீங்களே முதல்ல எடுத்துக்கங்க." பிறகு சோப்பம்மாவைப் பார்த்து, "அண்ணியா? உங்களைப் பத்தி நிறைய சொல்லியிருக்காரு," என்றாள்.

"என்ன சொன்னார்?"

"உங்க மூக்கால ஒரு தடவை தீயணைப்பு வண்டியையே வரவழைச்சீங்களாமே."

சோப்பம்மா மூக்கை மூடிக்கொண்டாள்.

வண்டி நிறைந்தது. கோழி, கீரை, நசுங்கின டப்பாக்கள், நாளைக்குச் சாக வேண்டிய பால். இனி தேதி முடிந்த பொருள் ஒன்றைக் கண்டுபிடிக்க வேண்டும். லிப்ட்காரர் சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டு தயிர் வரிசைக்குப் போனார். கையை உள்ளே விட்டார். எல்லாம் புதுசு. வெண்ணெய் வரிசை. அதுவும் புதுசு. பால், மோர், பாலாடை, எல்லாம் நேற்றுப் பிறந்த மாதிரி பளபளத்தன.

கொஞ்சம் தள்ளி மானேஜர் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். முகத்தில் புன்னகை.

"தேடுங்க சார், நல்லாத் தேடுங்க. காலையில ஆள் விட்டு எல்லா அடுக்கையும் சுத்தம் பண்ணியாச்சு. இனிமே இந்தப் பக்கம் உங்களுக்கு ஒண்ணும் சிக்காது."

லிப்ட்காரர் முட்டி போட்டார். கீழ் அடுக்குகளை மோப்பம் பிடித்துக்கொண்டே நகர்ந்தார். முதலில் வேகமாக, பிறகு மெதுவாக, பிறகு பார்த்த இடத்தையே திரும்பப் பார்த்துக்கொண்டு. அவர் காது மடல் சிவந்தது. அவர் தோற்றுக்கொண்டிருந்தார்.

சோப்பம்மா மனசுக்குள் கண்ணாடி மேசையைப் பால்கனியிலிருந்து உள்ளே கொண்டுவந்துவிட்டாள். அதைத் துடைத்தாள். அதன்மேல் சீப்பு, பவுடர், ஒரு லாவண்டர் சோப்பு. ஜன்னலைத் திறந்து வைத்தாள். ஆஹா, என்று மூச்சை ஆழமாக இழுத்தாள்.

இழுத்திருக்கக் கூடாது.

ஏதோ வந்தது. முதலில் மெல்லிய நூல் மாதிரி. ஈரக் கம்பளியும் பழைய சாக்ஸும். பிறகு அந்த நூல் கயிறாகி, அழுகின முட்டையும் சாக்கடையும் சேர்ந்து முறுக்கின வடமாகி, அவள் தொண்டைக்குள் இறங்கியது. சுற்றிலும் ஒருவருக்கும் எதுவும் தெரியவில்லை. மீனும் கோழியும் நாறுகிற இடத்தில் இன்னொரு நாற்றத்தைப் பிரித்துப் பார்க்க யாருக்கு முடியும்? அவளுக்கு முடிந்தது.

பேசாமல் நில்லு, என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். ஒரு வார்த்தை பேசாதே. பெட்டி போய்விடும். கண்ணாடி மேசை வந்துவிடும்.

வாயை மூடிக்கொள்ளலாம். மூக்கை என்ன செய்வது? மறுபடி ஒரு அலை வந்தது. கண் இருண்டது. வயிறு மேலே வந்து நெஞ்சைத் தட்டியது.

"சீச்சீ! சீ! இங்க என்னமோ செத்துக் கிடக்குதுங்க!"

தரையில் கிடந்த லிப்ட்காரர் தலையைத் தூக்கினார். "எங்கே?"

வேண்டாம் என்று நினைத்துக்கொண்டே அவள் விரல் நீண்டது. கீழ் அடுக்கின் மூலை. முன்னால் புதுத் தயிர் டப்பாக்கள் மதில் மாதிரி அடுக்கப்பட்டிருந்தன. அவசரத்தில் வேலை செய்கிறவர்கள் புதுச் சரக்கை முன்னால் வைத்து வைத்துப் பழசை உள்ளே தள்ளிக்கொண்டே போய்விடுவார்கள். காலையில் சுத்தம் செய்தவர்களும் மதிலைத்தான் துடைத்திருந்தார்கள். மதிலுக்குப் பின்னால் என்ன இருக்கிறது என்று யாரும் எட்டிப் பார்க்கவில்லை.

லிப்ட்காரர் மதிலை இடித்தார்.

உள்ளே சீஸ் டப்பாக்கள். கடையிலேயே விலை கூடின வகை. ஒன்றல்ல, ஒரு படையே. மூடிகள் ஒவ்வொன்றும் நிறைமாத வயிறு மாதிரி உப்பியிருந்தன. நடுவில் ஒன்று வெடித்து, பச்சையும் சாம்பலுமாக ஒரு கஞ்சி வழிந்து மற்றதையெல்லாம் ஒன்றோடொன்று ஒட்டவைத்திருந்தது. அந்தக் கஞ்சிக்கு முடி முளைத்திருந்தது. அவர் ஒன்றை இழுக்க, 'ப்ளக்' என்று ஒரு சத்தத்தோடு வந்தது. அந்தச் சத்தத்தைச் சோப்பம்மா இன்றைக்கும் சாப்பாட்டுக்கு நடுவில் நினைத்துக்கொண்டு தட்டைத் தள்ளிவைப்பாள்.

நாற்றம் இப்போது எல்லோருக்கும் எட்டியது. ஸ்டிக்கர் ஊர்வலம் கலைந்து ஓடியது. ஈரலை வண்டியில் வைத்திருந்தவள் ஈரலை விட்டுவிட்டே ஓடினாள். காய்கறிப் பக்கம் வெள்ளரிக்காய்கள் தாமாகவே வதங்கின. கூரையில் சுற்றிக்கொண்டிருந்த மின்விசிறி, எனக்கென்ன வந்தது என்று திரும்பிச் சுற்றியது.

மானேஜர் கைக்குட்டையை மூக்கில் அழுத்திக்கொண்டு வந்தார். "இது நீங்களே வீட்டிலேர்ந்து கொண்டுவந்து வெச்சதுதான்! எனக்குத் தெரியாதா உங்களை மாதிரி ஆளுங்களை?"

"யாரு? நானா?" சோப்பம்மாவுக்கு அருவருப்பு போய்க் கோபம் வந்தது. "இந்தக் கர்மத்தை நான் கையால தொட்டுத் தூக்கிட்டு வருவேனா? வாந்தி எடுக்காம நிக்கிறேனேன்னு சந்தோஷப்படுங்க. எடுத்தேன்னா உங்க சட்டைமேலதான்!"

ஸ்டிக்கர்காரி இரண்டு பாலித்தீன் பைகளைக் கையுறையாக மாட்டிக்கொண்டு ஒரு டப்பாவை எடுத்து மெஷினில் காட்டினாள். "சார், இது எதுவும் வித்ததில்ல. நம்ம சரக்குதான். மெஷின் சொல்லுது," என்றாள், தரையைப் பார்த்துக்கொண்டு.

பலகை மேலே தொங்கியது. எல்லோரும் அதைப் பார்த்தார்கள். மானேஜரும் பார்த்தார்.

பில் போடுகிற பெண் ஒவ்வொரு டப்பாவாகக் கழிக்கக் கழிக்க, வண்டியிலிருந்த அத்தனை கோழியும் கீரையும் கரைந்து போய், மெஷினில் ஒரு கழித்தல் குறி வந்து நின்றது. அவள் அப்படி ஒன்றை வேலையில் சேர்ந்ததிலிருந்து பார்த்ததில்லை. மெஷினைத் தட்டிப் பார்த்தாள். குறி அசையவில்லை. மானேஜர் கல்லாவைத் திறந்து நோட்டுகளை எடுத்தார். லிப்ட்காரர் நீட்டிய கையில் வைக்கவில்லை. இரண்டு விரல் நுனியால் பிடித்து, செத்த எலியைப் போடுகிற மாதிரி மேசைமேல் போட்டார்.

"எடுத்துட்டுப் போங்க. பில் கிடையாது. குப்பை பொறுக்கறதுக்குன்னே கிளம்பி வந்துடறாங்க குடும்பத்தோட."

லிப்ட்காரர் நோட்டுகளை எடுத்து மடித்து வைத்துக்கொண்டார். வழியெல்லாம் பேசவில்லை. அவர் பேசாமல் நடந்து வந்தது அதுதான் முதல் தடவை.

கட்டடத்தில் படிக்கட்டு நிறைய ஆள். தையல்காரர் தோளில் கயிறு. வெளியே மச்சானின் பழைய சாமான் வண்டி தயார்.

"என்னண்ணே, கடைக்காரன் காசு கொடுத்தானா? இல்ல கடையையே உங்க பேருக்கு எழுதி வெச்சுட்டானா?"

சிரிப்பு. எல்லோரும் அவர் வாயைப் பார்த்தார்கள். இன்றைக்குக் கடை எந்த மேகத்தை இடிக்கப் போகிறதோ என்று.

லிப்ட்காரர் பையைக் கீழே வைத்தார். "ஏதோ... ரெண்டு டப்பா கிடைச்சது. பழசு. கொஞ்சம் காசு கொடுத்தான்," என்றார் சின்னக் குரலில்.

சோப்பம்மா திரும்பிப் பார்த்தாள். ரெண்டு டப்பாவா?

"பில் எங்கே அண்ணே?"

"பில் தரல."

"அது எப்படித் தருவான்?" சிரிப்பு இன்னும் பெரிதானது. அவர் நோட்டுகளை எடுத்துக் காட்டினார். "வீட்டிலேர்ந்து கொண்டுபோன காசா இருக்கும்!" என்றது மேலிருந்து ஒரு குரல். வாழ்நாள் முழுக்க மலையளவு புளுகினபோது ரசித்துக் கேட்ட கூட்டம், அவர் எலியளவு உண்மையைச் சொன்னபோது ஒரு பருக்கையும் நம்பவில்லை. நம்பவேண்டுமே என்றுதான் அவர் அதைச் சுருக்கிச் சுருக்கி எலியளவாக்கியிருந்தார் என்பது அவளுக்கு மட்டும் புரிந்தது.

"அக்கா," என்றார் தையல்காரர் கயிற்றைப் பிரித்துக்கொண்டே, "நீங்கதானே கூடப் போனீங்க. நீங்க ஒரு வார்த்தை சொல்லுங்க. நடக்கலைன்னு சொன்னா இப்பவே இறக்கிடறேன்."

ஒரே வார்த்தை. பெட்டி படியிறங்கிப் போய்விடும். உறுமல் இல்லை, ஏப்பம் இல்லை, தலைமாட்டில் ஈரல் இல்லை. கேட்கிறவர்கள் எல்லோரும் அந்த வார்த்தையை ஏற்கெனவே நம்பிவிட்டார்கள். அவள் சொல்லக்கூட வேண்டாம், தலையை ஆட்டினால் போதும்.

லிப்ட்காரர் அவளைப் பார்க்கவில்லை. தையல்காரரிடம் குனிந்து, "நசுங்கின பக்கத்தைச் சுவரோரமா வெச்சு இறக்குப்பா. இல்லைன்னா படியில இடிக்கும்," என்றார்.

அவளுக்கு மறுபடியும் அருவருப்பு வந்தது. இந்தத் தடவை சீஸ் இல்லை. அந்த இரண்டு விரல் நுனி. இந்தச் சிரிப்பு. இந்தப் படிக்கட்டு முழுக்க அந்த மானேஜரே நிற்கிற மாதிரி இருந்தது.

"கயிற்றைச் சுருட்டு," என்றாள்.

"அக்கா?"

"சுருட்டுன்னு சொன்னேன். ரெண்டு டப்பாவாமே, ரெண்டு டப்பா! அந்தாளுக்குச் சொல்லத் தெரியல. ஒரு அடுக்கு முழுக்க இருந்துச்சு! வயிறு உப்பி, வெடிச்சு, முடி முளைச்சு, உள்ளேயிருந்து என்னைப் பார்த்துச்சு! கடையில இருந்தவங்க எல்லாம் ஓடினாங்க. மானேஜர் முகம் கீரை மாதிரி ஆச்சு. வண்டி நிறைய சாமானும் கொடுத்து, மேல நோட்டும் கொடுத்தான்."

"அக்கா... நீங்களுமா?"

"நானும்தான்." அவள் முந்தானையை எடுத்து மூக்கைப் பொத்திக்கொண்டாள். பொட்டலங்கள் மறுபடி சொட்ட ஆரம்பித்திருந்தன. "பெட்டி அங்கேயே இருக்கட்டும். கடைக்காரன் காசு கொடுத்தான்டா. என் கண்ணால பார்த்தேன், என் மூக்கால மோந்தேன். நடந்துச்சு."